டெல்லியா, டி.பி.ஐ.யா, பள்ளியா: சின்னப் பிள்ளைகளுக்கான பாலியல் கல்வியை யார் முடிவு செய்வது?

பெரம்பூரில் ஒரே தெருவில் குடியிருக்கும் மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஒருத்தி மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளியில் படிக்கிறாள். ஒருவன் பக்கத்துத் தெரு மெட்ரிக் பள்ளியில். இன்னொருத்தி காலை ஏழரைக்கு வேன் ஏறி சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் மூவரும் ஒரே மொட்டை மாடியில்தான் விளையாடுகிறார்கள். ஆனால் தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை யார், எப்போது, எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்ற முடிவு மூவருக்கும் மூன்று இடத்தில் எடுக்கப்படுகிறது. சென்னைப் பள்ளிக்கு நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகம், அதாவது மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் தலைமையகம். மெட்ரிக்குக்கும் காகிதத்தில் அதேதான். நடைமுறையில் தாளாளர் எந்தத் தனியார் பதிப்பகத்தின் புத்தகத்தை வாங்குகிறாரோ அது. சி.பி.எஸ்.இ. பிள்ளைக்கு டெல்லி.

இந்த மூன்றில் எது முடிவு செய்தால் பிள்ளைக்கு நல்லது? கூட்டங்களில் இது 'மாநில உரிமை', 'தேசிய ஒருமை', 'பெற்றோர் உரிமை' என்று பெரிய பெரிய வார்த்தைகளோடு வந்து நிற்கும். நான் ஒப்பிடும்போது முதலில் பார்த்தது வேறொன்றை. பாடத்தை எழுதும் அதிகாரத்துக்குப் போட்டி போட நிறைய பேர் இருக்கிறார்கள். அதை நடத்தாமல் விட்டுவிடும் அதிகாரம் யார் யாரிடம் இருக்கிறது? அதைப் பட்டியல் போட்டால் படம் மாறிவிடுகிறது.

அதற்கு முன், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இந்தப் பாடத்தில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதிச் சண்டை பத்தாம் வகுப்புப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி 5 முதல் 8 வயது, 9 முதல் 12 வயது என்று பிரித்துத் தொடங்குகிறது. சின்ன வயதுக்கானது ரொம்பச் சாதாரணம்: உடல் உறுப்புகளின் பெயர், எது மறைவான இடம், வேண்டாம் என்று சொல்வது, யாரும் சொல்லாதே என்று மிரட்டினாலும் யாரிடம் போய்ச் சொல்வது, தம்பிப் பாப்பா அம்மா வயிற்றில் வளர்ந்து வருகிறான் என்பது. நான்காம் ஐந்தாம் வகுப்பில் உடல் எப்படி மாறப்போகிறது என்பது சேரும். பெற்றோர் பயப்படுகிற பெரும்பாலான விஷயங்கள் 5 முதல் 8 வயதுக்கான பகுதியில் கிடையாது.

அந்தக் கடைசிப் பகுதியை ஏன் ஆறாம் வகுப்புக்குத் தள்ளக்கூடாது என்று கேட்பவர்களுக்கு நம் அரசே பதில் வைத்திருக்கிறது. 2011-ல் அறிவித்த மாதவிடாய் சுகாதாரத் திட்டத்தில் 'புதுயுகம்' நாப்கின் 10 வயதிலிருந்து 19 வயது வரை இலவசம். 10 வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. ஆனால் பருவமடைதல் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில்தான் வருகிறது. நாப்கின் முதலில் வந்து, அது எதற்கு என்பது மூன்று வருடம் கழித்து வருகிறது. நடுவில் இருப்பது மஞ்சள் நீராட்டு விழா. பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று அவள் போட்டோவை ஆளுயர பிளெக்ஸில் அடித்துத் தெருமுனையில் கட்டுகிற ஊரில், அதே விஷயத்தை வகுப்பில் டீச்சர் பத்து நிமிடம் பேசினால் அசிங்கம் என்கிறோம். இந்த முரண்பாட்டை எந்த நிபுணர் குழுவும் தீர்த்து வைக்க முடியாது. இப்போதைக்கு அதைத் தாண்டிப் போவோம்.

டெல்லி முடிவு செய்தால்

டெல்லிக்கு இருக்கும் பெரிய பலம் சட்டம். கல்வி 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. அதனால் அதிகாரம் உண்டு. அதைவிட முக்கியம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ. 2012 நவம்பர் 14 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கும் சட்டம். அதன் கீழ் வந்த 2020 விதிகளில் மூன்றாவது விதி, குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற பாடமும் பாடத்திட்டமும் தயாரிக்க வேண்டும் என்று சொல்கிறது: தன்னைப் பாதுகாத்துக்கொள்வது, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பது, ஆண் பெண் சமத்துவம் எல்லாம் அதில் வருகிறது. யார் தயாரிப்பது? மத்திய அரசு, அல்லது சூழலுக்கேற்ப மாநில அரசு. இருவர் பொறுப்பு என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைத் துறை, இந்தப் பக்கம் மாநகராட்சி, குழி மட்டும் நடுவில்.

நீதிமன்றமும் டெல்லிப் பக்கம்தான் தள்ளுகிறது. சென்னை அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கு, குழந்தைகளைத் தவறாகக் காட்டும் ஆபாசப் படங்களைச் செல்போனில் வைத்திருந்தது குற்றமா என்ற கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 செப்டம்பர் 23-ல் அது குற்றமே என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பிலேயே விரிவான பாலியல் கல்வி வேண்டும் என்றும் நீதிபதிகள் மத்திய அரசுக்கு யோசனை சொன்னார்கள். 2025 அக்டோபரில் இன்னொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது அதே நீதிமன்றம்.

இவ்வளவு இருந்தும் டெல்லியிடம் முழுசாக ஒப்படைக்க எனக்குத் தயக்கம். காரணம், அதன் பழைய கணக்கு. 2005-ல் மனிதவள அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் என்று மாநிலங்கள் வரிசையாகத் தடை போட்டன. இதைச் சொல்லித்தான் 'மாநிலங்களிடம் விட்டால் இப்படித்தான், மத்தியில் இருக்க வேண்டும்' என்பார்கள். கதையின் மறுபாதியைச் சொல்ல மாட்டார்கள். 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அது தேசிய அளவில் வந்த 'கூடாது'. 2021 நவம்பரில் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேடு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஆக, மேலே இருப்பவர் துணிந்து எழுதுவார், கீழே இருப்பவர் பயந்து நிறுத்துவார் என்ற கணக்கு சரியில்லை. இரண்டு இடத்திலும் நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான மத்தியத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2020-ல் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் தொடங்கிய பள்ளி நலத் திட்டம்; பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பதினோரு தலைப்புகள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாம் பேசும் எட்டு வயதுப் பிள்ளை அதற்குள் வரவே மாட்டாள். அவளுக்கு டெல்லி கொடுத்திருப்பது என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அச்சாகும் ஒரு குறிப்பு: தவறான தொடுதல் என்றால் போக்சோ இ-பாக்ஸில் இணையவழிப் புகார் கொடு, 1098-ஐக் கூப்பிடு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்து, கம்ப்யூட்டரைத் திறந்து புகார் எழுதும் என்று நினைத்தவர் ஒரு மூன்றாம் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் தமிழ்நாட்டின் அரசியல். மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடாததால், பள்ளிகளுக்கு டெல்லி தரும் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்ட தகராறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த நிலையில் உடல் பாடம் டெல்லியிலிருந்து வந்து இறங்கினால், விவாதம் பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றி இருக்காது, டெல்லியைப் பற்றி இருக்கும். அதில் யார் ஜெயித்தாலும் பாடம் தோற்கும்.

மாநிலம் முடிவு செய்தால்

இங்கே நமக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல், மருத்துவர் சுனிதி சாலமனின் குழு மூலம். 1994-ல் எய்ட்ஸுக்கென்று தனிச் சங்கம் அமைத்தது தமிழ்நாடு. அதன் பிறகு சுவரெல்லாம் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் புள்ளிராஜா. ஆணுறை பற்றிப் பேருந்து நிலையத்தில் கூச்சமில்லாமல் போர்டு வைத்த மாநிலம் இது. ஆனால் பெரியவர்களிடம் இவ்வளவு உரக்கப் பேசிய அரசு, பிள்ளைகளிடம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது. தொடக்க வகுப்பு அறிவியலில் உடலைப் பற்றிய பாடத்தோடு நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் கொஞ்சம் வருகிறது. அதன்பின் எட்டாம் வகுப்பு வரை கிட்டத்தட்ட மௌனம்.

2021 மே மாதம் சென்னையில் ஒரு பிரபல தனியார் பள்ளி ஆசிரியர் மீது முன்னாள், இந்நாள் மாணவிகள் அடுக்கடுக்காகப் புகார் சொன்ன பிறகு அரசு வேகமாக நகர்ந்தது. எந்த போர்டாக இருந்தாலும் ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, நவம்பர் 15 முதல் 22 வரை விழிப்புணர்வு வாரம், 14417 உதவி எண்ணுக்கு விளம்பரம், பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி. சி.பி.எஸ்.இ. பள்ளிக்குள்ளும் மாநிலத்தின் கை நீளும் என்று காட்டியதுதான் இதில் முக்கியம். பாடத்திட்டம் டெல்லியுடையது என்றாலும் பாதுகாப்பு விதி இங்கிருந்து போகலாம். குறை, எல்லாமே புகார் சொல்லும் ஏற்பாடுகள். சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இல்லை. பெட்டியில் சீட்டு எழுதிப் போட ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' போட வருவதற்கே தை மாதம் ஆகிவிடுகிறது.

மாநிலத்தின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. 2022-ல் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வட்டார வள மையம், அதன் கீழே குறுவள மையம் என்று இந்தச் சங்கிலி கடைசித் தொடக்கப் பள்ளி வரை போகிறது. டெல்லியால் இதைச் செய்ய முடியாது, தனிப் பள்ளியாலும் முடியாது. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவதே தலைக்கு மேல் இருக்கிறது, இதுவுமா என்ற புலம்பல் நியாயமானது. இருந்தாலும் ஆண்டுக்கு ஐந்தாறு பீரியட் பாடம் இது. கணக்கையும் தமிழையும் தள்ளிவிடப் போவதில்லை.

இன்னொன்று, வீட்டுப் பேச்சு. சென்னையில் பாதி வீடுகளில் அந்த இடத்துக்குப் பெயர் 'ஷேம் ஷேம்'. மீதி வீடுகளில் பறவை, பூ, பட்சணம் என்று செல்லப் பெயர்கள். பிள்ளை டீச்சரிடம் வந்து, 'தாத்தா என் பிஸ்கட்டைத் தொட்டார்' என்று சொன்னால் டீச்சர், 'பரவாயில்லை, வேறு வாங்கிக்கலாம்' என்று அனுப்பிவிடுவார். புகார் அங்கேயே முடிந்தது. இந்தப் பெயர்களைத் தெரிந்த ஒரு தமிழ் டீச்சர் எழுதினால்தான் பாடம் பிள்ளையிடம் போய்ச் சேரும். டெல்லியில் எழுதி மொழிபெயர்த்தால் புத்தகத் தமிழில் ஒரு உறுப்புப் பட்டியல் கிடைக்கும், அவ்வளவுதான்.

மாநிலத்தின் பலவீனம் ஆட்சி மாற்றம். 2011-ல் ஆட்சி மாறியதும், எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடம் என்ற முந்தைய ஆட்சியின் சமச்சீர்க் கல்வியை நிறுத்தப் பார்த்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் மாதத் தீர்ப்புக்குப் பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. வந்த புத்தகத்தில் சில பக்கங்களில் ஸ்டிக்கர். அதை நகத்தால் சுரண்டிப் பார்த்த தலைமுறை இப்போது வேலைக்குப் போகிறது. ஒரு கவிதைக்கே ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், ஐந்தாம் வகுப்பு மாதவிடாய்ப் பாடத்துக்கு எதிராக நாலு பேர் கோஷம் போட்டால் என்ன செய்வார்கள்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதேதான் நடந்தது. 2015-ல் புதிய பாடத்திட்டம், 2018-ல் ஆட்சி மாறியதும் ரத்து, 2019-ல் பெரிய மாற்றமில்லாமல் திரும்பவும் அதே. இடையில் படித்த பிள்ளைகள்தான் நஷ்டப்பட்டார்கள்.

பள்ளியே முடிவு செய்தால்

பெற்றோருக்கு மிகவும் பிடித்த வழி இது. என் பிள்ளையை எனக்குத் தெரியும், டீச்சரை எனக்குத் தெரியும், நாங்களே பேசி முடிவு செய்துகொள்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவை வைத்து, அதில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. பாதிப் பேர் பெண்கள். எஸ்.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் இந்தக் குழு உயிரோடு இருக்கும் பள்ளிகளில் கழிப்பறைக் கதவிலிருந்து சத்துணவு வரை மாற்றம் தெரிகிறது.

உள்ளூர் அறிவும் சும்மா இல்லை. மாநகராட்சிப் பள்ளிகளிலேயே உருது வழி, தெலுங்கு வழி வகுப்புகள் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுகிறார்கள். எந்தப் பிள்ளையை யார் கொண்டுவந்து விடுகிறார்கள், எந்தப் பிள்ளை இருட்டும் வரை தனியாக இருக்கிறது என்பது டி.பி.ஐ.க்குத் தெரியாது, ஆயாம்மாவுக்குத் தெரியும். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்கச் சென்னையில் 2004-ல் தொடங்கிய 'துளிர்' போன்ற அமைப்புகளை அழைத்து, ஆசிரியரோடும் பெற்றோரோடும் தனித்தனியாகப் பேசவைத்து, பிள்ளைகளுக்கு வகுப்பு வாரியாக நடத்திய பள்ளிகளும் உண்டு. நன்றாகச் செய்தால் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு மெட்ரிக் பள்ளியின் வழக்கமான 'அவேர்னஸ் புரோகிராம்' இப்படி இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை முன்னூறு பிள்ளைகளையும் ஹாலில் தரையில் உட்கார வைப்பார்கள். மைக் கொய்யென்று கத்தும். வந்தவர் நாற்பது நிமிடம் பேசுவார். 'குட் டச்சா, பேட் டச்சா?' என்று கேட்பார்; முன்னூறு பிள்ளைகளும் 'பேட் டச்' என்று கோரஸாகக் கத்துவார்கள், பின்வரிசையில் ரெண்டு பேர் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டுச் சிரிப்பார்கள். தெரியாத அங்கிள் சாக்லேட் கொடுத்தால் வாங்காதே என்று முடியும். நினைவுப் பரிசு, போட்டோ, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பதிவு. அந்த வருடக் கடமை முடிந்தது.

இதில் அடிப்படையான கோளாறு, தெரியாத அங்கிள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் போக்சோ வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர். உறவு, அக்கம்பக்கம், டியூஷன், வேன், பள்ளி. 2018-ல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்கும் திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு மாதக்கணக்கில் நடந்த கொடுமையில் கைதான 17 பேரில் காவலாளி, லிப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று அந்த வளாகத்தில் தினமும் நடமாடியவர்கள் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை ஆனது. அந்த மாதிரிக் குழந்தைக்குச் சைகையிலும் படத்திலும் பாடம் வேண்டும். அதைத் தனியாகத் தயாரிக்கும் சக்தி எந்தச் சின்னப் பள்ளிக்கு இருக்கிறது?

பையன்கள் விஷயமும் இங்கேதான் விட்டுப்போகிறது. பள்ளிகள் தாங்களாகச் செய்யும்போது பெண் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, பையன்களைக் கிரவுண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. இங்கே வேறு மாதிரி இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை.

பள்ளியிடம் முழு அதிகாரம் கொடுப்பதில் இன்னும் கசப்பான ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில் மணப்பாறையில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுமிக்கு நடந்ததில் குற்றம் சாட்டப்பட்டவர் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவரின் கணவர். பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடுவது, சில இடங்களில் திருடனிடம் சாவியைக் கொடுப்பதாகிவிடும். வீட்டுக்கும் இதே கணக்குத்தான். எல்லாப் பெற்றோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் 'என் பிள்ளைக்கு இந்தப் பாடம் வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டு நிறுத்தும் உரிமை கொடுத்தால், எந்த வீட்டுப் பிள்ளைக்கு அது அவசரமாகத் தேவையோ அந்த வீட்டிலிருந்து முதல் கையெழுத்து வரலாம்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்

அமெரிக்காவில் பாடத்திட்டத்தில் மத்திய அரசு கைவைக்க முடியாது. மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி வாரியமும்தான். விளைவு, பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு முற்றிலும் வேறு பாடம். இங்கிலாந்து 2020 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கியது. அதிலிருந்து பெற்றோர் பிள்ளையை விலக்க முடியாது. அதற்கு மேல் பள்ளி சொல்லித்தரும் பாலியல் பகுதியிலிருந்து விலக்கலாம். அதற்கு முந்தைய வருடம் பர்மிங்காமில் தொடக்கப் பள்ளி வாசல்களில் பெற்றோர் மாதக்கணக்கில் போராடினார்கள். ஆக அங்கேயும் சுமுகமாக வந்துவிடவில்லை. எனக்குப் பிடித்தது நெதர்லாந்து. 2012 முதல் தொடக்கப் பள்ளியிலிருந்தே கட்டாயம் என்று தேசிய அளவில் சொல்லிவிட்டார்கள், எப்படி நடத்துவது என்பதைப் பள்ளியிடம் விட்டுவிட்டார்கள். ஸ்வீடன் 1955-லேயே கட்டாயமாக்கிவிட்டது என்று அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். அந்த ஊர் நிலைமையை இங்கே பொருத்துவது கஷ்டம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் மாநிலத்தை எடுப்பேன். பயிற்சிச் சங்கிலி அதனிடம் இருக்கிறது, மொழி இருக்கிறது, எல்லா போர்டுக்கும் உத்தரவு போட்ட முன் அனுபவம் இருக்கிறது. போக்சோ விதி ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டது; டெல்லி தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: சுற்றறிக்கையாக வரக்கூடாது. சுற்றறிக்கை போட்ட அதிகாரி மாறினால் அதுவும் மாறிவிடும். சட்டசபையில் சட்டமாகவோ, இருக்கும் சட்டத்தின் கீழ் விதியாகவோ வர வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆட்சி ஸ்டிக்கர் ஒட்ட நினைத்தாலும் சட்டசபைக்கு வந்து, ஏன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும்.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். எந்த வயதுக்குள் எது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியல், அதற்குப் பணம், ஆண்டுக்கொரு கணக்கு: இதோடு டெல்லி நிற்கட்டும். புத்தகம் எழுத வேண்டாம். பாடத்தை மாநிலம் எழுதட்டும், தொடக்க வகுப்புப் பாடத்துக்கும் எட்டாம் வகுப்புப் பாடத்துக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையை அடைக்கட்டும், மாதவிடாய் பற்றியதை நாப்கினுக்கு முன்னால் கொண்டுவரட்டும். எந்த வாரம், எந்த டீச்சர், எந்த மொழியில், பையன்களையும் பெண்களையும் சேர்த்தா தனியாகவா என்பது பள்ளியுடையது. நடத்துவதா வேண்டாமா என்ற கேள்வி மட்டும் யாரிடமும் போகக்கூடாது. தலைமை ஆசிரியரிடம், தாளாளரிடம், அமைச்சரிடம், ஏன், எஸ்.எம்.சி.யிடம்கூட.

பெற்றோருக்கு என்ன மிச்சம் என்று கேட்பார்கள். நிறைய மிச்சம். பாடத்தை ஒரு வாரம் முன்னாடியே முழுசாகக் கையில் வாங்கிப் படிக்கலாம். கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். அந்தக் கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் வீட்டு வேலைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் போகிற அம்மாக்கள் வர மாட்டார்கள்; சத்தம் போடுகிற நாலு பேர்தான் வருவார்கள், அவர்கள் சொல்வது எல்லோருடைய கருத்தாகிவிடும். மாலை ஆறு மணிக்கு வைத்தால் வேறு குரல்கள் கேட்கும். எதிர்க்கிற பெற்றோரில் பெரும்பாலானவர்கள் பாடத்தைப் பார்க்காமல் எதிர்ப்பவர்கள்தான். ஒன்றாம் வகுப்புப் பாடத்தை வாசித்துக் காட்டினால், 'இவ்வளவுதானா, இதை நாங்களே வீட்டில் சொல்லியிருக்கலாமே' என்பார்கள். சொல்லியிருக்கலாம்தான்.

சட்டம் வரும்போது வரட்டும். இப்போதைக்குச் சென்னையில் பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருப்பவர்கள் அடுத்த எஸ்.எம்.சி. கூட்டத்திலோ பி.டி.ஏ. கூட்டத்திலோ சில விஷயங்களைக் கேட்கலாம். மாணவர் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் பெற்றோர் யார், அவர் பெயர் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா? இந்த வருடம் எந்த வகுப்புக்கு யார் நடத்துகிறார்கள், ஹாலில் மொத்தமாகவா, வகுப்பறையிலா? அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைக்கு எப்போது? நவம்பர் வாரம் வரும்போது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்து மாதம் வேனில் போய்வந்திருக்கும். முதல் வகுப்பை ஜூன் மாதமே வைக்க முடியுமா? பதிலை மினிட்ஸ் நோட்டில் எழுதி, எச்.எம். கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னது அவர் டிரான்ஸ்பரில் போனதும் போய்விடும்.